காருக்கு மலிவான ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறீர்களா? முதலில் மேப்பைப் பாருங்கள்

போனிலேயே மேப் இருக்கும்போது காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தினமும் தெரிந்த சாலைகளில் மட்டும் ஓட்டுபவர் என்றால் உங்களுக்கு இது தேவையே இல்லை. போன் டவர் எட்டாத பாதைகளில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கும், ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று வைத்திருப்பவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. நான் இரண்டாவது வகை. அடுத்த திருப்பம் எங்கே என்று பார்க்கிற நொடியில் திரையை ஒரு அழைப்பு வந்து மறைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் அதில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்ஆண்ட் என்ற மேப் ஆப்பைப் போட்டு, உங்களுக்கு வேண்டிய பகுதியின் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு சிம் இல்லாமலே ஓட்டுங்கள். இரண்டுமே இணையம் இல்லாமல் வேலை செய்யும். அதுவே போதும் என்று தோன்றினால் சந்தோஷம். வெயிலில் போன் சூடேறித் திரை மங்குகிறது, சத்தம் போதவில்லை, சார்ஜ் நிற்கவில்லை என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

கருவி என்ன செய்கிறது, மேப் என்ன செய்கிறது

இதை நீளமாக விளக்கப் போவதில்லை, ஆனால் வாங்குகிற முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைக் கருவி வாங்குகிறது, அவ்வளவுதான். அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் நீங்கள் பூமியில் எங்கே இருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிடும். இதற்கு இணையமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கில் கிடைப்பது வெறும் எண்கள். அந்த இடத்தில் சாலை இருக்கிறதா, அது ஒருவழியா, இங்கே வலது பக்கம் திரும்பலாமா என்பதெல்லாம் கருவிக்குள் இருக்கும் மேப்பில் இருந்து வருகிறது. மலிவான கருவியிலும் விலையுயர்ந்த கருவியிலும் சிக்னல் வாங்கும் சிப் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆக, பட்ஜெட் குறைவு என்றால் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், மேப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 1: எந்த மேப், எத்தனை நாளைக்கு

பெட்டியைத் திருப்பி மூன்று விஷயம் பாருங்கள்: எந்தெந்தப் பகுதிகளின் மேப் உள்ளே இருக்கிறது, அப்டேட் இலவசமா, எவ்வளவு காலத்துக்கு. ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் கம்பெனியின் பழைய மாடல்களின் பெயருக்குப் பின்னால் எல்எம் (LM) என்று இருந்தால் வாழ்நாள் மேப் அப்டேட், எல்எம்டி (LMT) என்று இருந்தால் அதோடு டிராஃபிக் தகவலும் சேர்த்து. கருவி ஒரே விலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எல்எம் உள்ளதை எடுங்கள். ஒரே ஒருமுறை மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க நேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஆனால் 'வாழ்நாள்' என்பது உங்கள் வாழ்நாள் இல்லை, கருவியின் வாழ்நாள். அது எப்போது முடிகிறது என்று முடிவு செய்வது கம்பெனி. டாம்டாம் என்ற இன்னொரு ஜிபிஎஸ் கம்பெனி 2018-இல் தன்னுடைய சில பழைய மாடல்களுக்கு இனி மேப் அப்டேட் கிடையாது என்று அறிவித்தது, அவற்றில் வாழ்நாள் மேப் என்று விற்றவையும் உண்டு. எனவே பழைய மாடலைத் தள்ளுபடியில் பார்த்தால், அந்த மாடல் பெயரை கம்பெனியின் உதவிப் பக்கத்தில் போட்டு இன்னும் அப்டேட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

பெயரே இல்லாத, அல்லது எழுத்தைக் கலைத்துப் போட்டது மாதிரி ஒரு பெயருள்ள 7 அங்குலக் கருவிகள் மிக மலிவாக விற்கின்றன. உலக மேப் முழுக்க இலவசம் என்று எழுதியிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் சிஇ என்ற, சின்னக் கருவிகளுக்கான மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளத்தில் ஓடுபவை. அந்த வரிசையில் 6.0 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2018-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. பிரச்சினை அதுகூட இல்லை. உள்ளே இருக்கும் மேப்புக்கு முறையான உரிமம் இருக்கிறதா, அடுத்த வருட மேப் எங்கிருந்து வரும் என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இருக்காது. நான் இவற்றை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்தக் காசுக்குப் பெயருள்ள கம்பெனியின் பழைய 5 அங்குலக் கருவி எவ்வளவோ மேல்.

படி 2: திரையும் குரலும்

திரை 5 அங்குலம் போதும். மலிவு மாடல்களில் 480×272 புள்ளிகள்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அம்புக்குறிக்கும் சாலைப் பெயருக்கும் அது தாராளம். பளபளப்பான கண்ணாடித் திரையைவிட மங்கலான மேற்பரப்புள்ள திரைதான் எதிர்வெயிலில் தெரியும்.

குரலில் ஒன்றைக் கவனியுங்கள். சில குரல்கள் முன்பே பதிவு செய்தவை, அவை "200 மீட்டரில் வலது பக்கம் திரும்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல்கள் சாலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். அடுத்தடுத்து இரண்டு திருப்பங்கள் வருகிற இடத்தில் பெயரைக் கேட்டால்தான் திரையைப் பார்க்காமல் ஓட்ட முடியும். அமைப்புகளில் குரல் பட்டியலைத் திறந்து, சாலைப் பெயரைச் சொல்கிற குரலைத் தேர்ந்தெடுங்கள்.

டிராஃபிக் வசதிக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பல மாடல்களில் டிராஃபிக் ரிசீவர் கருவிக்குள் இல்லை, சார்ஜர் கேபிளில் இருக்கிறது. அந்தக் கேபிள் தொலைந்தால் டிராஃபிக்கும் போனது. மற்றவற்றில் போனோடு ப்ளூடூத்தில் இணைக்கச் சொல்லும். போனே வேண்டாம் என்றுதானே இங்கே வந்தோம்?

படி 3: பழைய கருவி என்றால் தேதியைப் பாருங்கள்

மலிவு என்றாலே பாதிப் பேர் செகண்ட் ஹேண்டுக்குத்தான் போவீர்கள். தவறில்லை. கருவியை வெட்டவெளிக்கு எடுத்துப் போய், செயற்கைக்கோள் பிடிக்கும் வரை காத்திருந்து, திரையில் காட்டும் தேதியைப் பாருங்கள். காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் சிக்னல் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், அப்புறம் மறுபடி 0. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் இன்னொரு முறையும் சுழியானது, அடுத்தது 2038 நவம்பரில். இதற்கான சாஃப்ட்வேர் திருத்தம் போடாத பழைய கருவிகள் ஏறத்தாழ 20 வருடம் பின்னால் போய் நிற்கும். இடத்தைச் சரியாகவே காட்டலாம், ஆனால் போய்ச்சேரும் நேரம், குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும் மூடுகிற சாலை போன்றவை குழம்பிவிடும். தேதி தப்பாக இருந்தால் அந்த மாடலுக்குத் திருத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பேட்டரியையும் பாருங்கள். பின்பக்க மூடி லேசாக உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

படி 4: கேபிள்

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் கருவி மட்டும் கிடைக்கும், கேபிள் இருக்காது. வீட்டில் இருக்கிற யூஎஸ்பி கேபிளை எடுத்து கார் சார்ஜரில் செருகுவீர்கள். மேப் மறைந்துவிடும், திரையில் ஒரு கணினியின் படம் வந்து நிற்கும். கேபிளைப் பிடுங்கினால் மேப் திரும்ப வரும், செருகினால் மறுபடி கணினி. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கெடவில்லை.

மினி யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெல்லிய ஐந்து தகடுகள் வரிசையாகத் தெரியும். சாதாரண டேட்டா கேபிளில் நான்காவது தகடு எதோடும் இணைந்திருக்காது. காருக்கென்று செய்த கேபிளில் அந்தத் தகட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். அதைப் பார்த்துத்தான் கருவி "இது சார்ஜர், மேப்பை விடாதே" என்று புரிந்துகொள்கிறது. ரெசிஸ்டர் இல்லை என்றால் கணினியோடு சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கோப்பு மாற்றும் நிலைக்குப் போய்விடுகிறது. எல்லா மாடலும் இப்படி இல்லை, ஆனால் பழையவற்றில் நிறைய இப்படித்தான்.

எனவே உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி, அதற்கான கார் கேபிளையே வாங்குங்கள். வந்ததும் கருவியை ஆன் செய்து, மேப் தெரியும்போது செருகிப் பாருங்கள். மேப் அப்படியே நின்றால் சரியான கேபிள். பழைய டேட்டா கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள், கணினியில் அப்டேட் செய்ய அதுதான் வேண்டும்.

இன்னொன்று: லைட்டர் சாக்கெட் அசிங்கமாக இருக்கிறது என்று பிளக்கை வெட்டிவிட்டு ஒயரை நேராகக் கார் பேட்டரி லைனில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சர்க்யூட் அந்தப் பிளக்குக்குள்தான் இருக்கிறது. வெட்டினால் கருவி போய்விடும். 24 வோல்ட் வண்டி என்றால் பிளக்கின் மேல் 12-24 என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மேப் அப்டேட், பொருத்துதல், முதல் சிக்னல்

பொருத்தும் முன்பே வீட்டில் அப்டேட்டை முடித்துவிடுங்கள். கம்பெனியின் சாஃப்ட்வேரைக் கணினியில் போட்டுக் கேபிளைச் செருகினால் அதுவே வழிநடத்தும். கோப்பு பல ஜிபி இருக்கும், நடுவில் பிடுங்க வேண்டாம். உள் நினைவகத்தில் இடம் இல்லை என்று சொன்னால் மைக்ரோ எஸ்டி கார்டு போடுங்கள். பழைய கருவிகளுக்கு 32 ஜிபிக்கு மேல் போகாதீர்கள், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கார்மின் கருவிக்கு அப்டேட் நின்றுபோயிருந்தால், பொதுமக்களே சேர்ந்து வரைந்து இலவசமாகத் தரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் கைகொடுக்கும். கார்மினுக்கு ஏற்ற வடிவில் இறக்கிய கோப்பின் பெயரை மாற்றாமல், கார்டில் கார்மின் (Garmin) என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போடுங்கள். அப்புறம் கருவியின் மேப் அமைப்புகளுக்குப் போய்ப் பழைய மேப்பின் டிக்கை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இரண்டு மேப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து எந்தச் சாலை உண்மை என்றே தெரியாது.

முன் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு உறிஞ்சு கப்பை ஒட்டுங்கள். பார்வையை மறைக்காத கீழ் மூலையாக இருக்கட்டும், ஏர்பேக் விரிகிற இடமாக இருக்கக் கூடாது. கண்ணாடியில் எதையும் ஒட்டக் கூடாது என்று சட்டம் உள்ள இடங்களும் உண்டு, அங்கே டேஷ்போர்டில் வைக்கும் மணல் பை ஸ்டாண்ட் நல்லது. வண்டியை நிறுத்தும்போது கருவியைக் கழற்றுங்கள், வெயிலில் பேட்டரி வீணாகும். கண்ணாடியில் விழும் வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், அது உள்ளே கருவி இருக்கிறது என்று திருடனுக்குச் சொல்லும்.

முதல் தடவை ஆன் செய்ததும் கிளம்பாதீர்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் திரும்பச் சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். கட்டடங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே வாங்கினால் செய்தி நடுநடுவே அறுந்து, மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டிவரும். வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, அந்தப் பட்டியல் வந்துசேரும் வரை விட்டுவிடுங்கள். சில மணி நேரத்துக்குள் மறுபடி ஆன் செய்தால் சட்டென்று பிடித்துவிடும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த இரண்டு சிக்கல்கள்

வெளியே கையில் வைத்தால் உடனே பிடிக்கிறது, காருக்குள் பிடிப்பதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கார் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கிறது. அது சிக்னலையும் தடுக்கும். இப்படிப்பட்ட கண்ணாடிகளில் பெரும்பாலும் பின்னால் வருவதைப் பார்க்கும் உள் கண்ணாடியின் அருகே பூச்சு இல்லாத ஒரு பட்டை விட்டிருப்பார்கள், கருவியை அங்கே நகர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால் வெளி ஆன்டெனா செருகும் வசதியுள்ள மாடலாகப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொருவர் நண்பர் அனுப்பிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டால் கருவி எங்கோ கூட்டிப்போகிறது என்றார். போன் மேப்கள் 10.50 என்று தசமத்தில் தருகின்றன. பல கருவிகள் பாகை, நிமிடம் என்று கேட்கின்றன. 10.50 என்பது 10 பாகை 30 நிமிடம். அதை 10 பாகை 50 நிமிடம் என்று அடித்தால் அட்சரேகையில் மட்டும் 37 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அமைப்புகளில் ஆயத்தொலை வடிவத்தைத் தசமத்துக்கு மாற்றிவிட்டு எண்ணை அப்படியே அடியுங்கள்.