பிப்ரவரியில் பாலிசிக்குக் கையெழுத்துப் போடும் முன்

தங்கச்சிமடம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். கணக்கு எடுக்கிற பாவத்துக்கு, ஸ்டாஃப் ரூமில் எல்லாருடைய வருமான வரிப் படிவமும் என் மேஜைக்குத்தான் வரும். பிப்ரவரி சம்பள பில்லோடு படிவம் போயாக வேண்டும் என்பதால் ஜனவரி கடைசியிலேயே இன்சூரன்ஸ் ஏஜென்டும் வந்து உட்கார்ந்துவிடுவார். பாதிப் பேர் அவரிடம் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

இந்த முறை ஆங்கில டீச்சர் கொஞ்சம் முந்திக்கொண்டார். "சார், ஒன்றரை லட்சத்துக்குப் பாலிசி போடச் சொல்றாங்க. போடவா?"

"போடுறது இருக்கட்டும் டீச்சர். முதல்ல ரெண்டு கணக்கையும் பாத்துருவோம்" என்று மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.

வருமான வரியைப் புதிய முறை, பழைய முறை என்று இரண்டு விதமாகப் போடலாம்; பாலிசி மாதிரிக் கழிவுகள் பழைய முறையில்தான் உதவும். 2025-26 நிதியாண்டில் அவருடைய மொத்தச் சம்பளம் 13,50,000. புதிய முறையில், சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக மிச்சம் 12,75,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நாலு லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த நாலுக்கு 10, பிறகு 15. ஆக 71,250 ரூபாய். வரிக்கு மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 74,100.

பழைய முறைக்கு அவரிடம் இருந்த எல்லாவற்றையும் கொட்டினோம். நிலைக்கழிவு 50,000, பாலிசி, சேமிப்புக்கான 80சி பிரிவில் முழு ஒன்றரை லட்சம், என்.பி.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதல் 50,000, ராமநாதபுரம் வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், தனக்கும் வயதான அம்மா அப்பாவுக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. கூட்டினால் 5,25,000 கழிவு. அப்படியும் வரி 80,600! அத்தனை பணத்தையும் முடக்கிப் போட்டும் 6,500 ரூபாய் அதிகம். டீச்சர் பாலிசிப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆகவே முதலில் புதிய முறையில் கணக்குப் போடுங்கள். சம்பளம் 12,75,000 வரை இருந்தால், கழிவு போக 12 லட்சத்துக்குள் வந்துவிடும்; அதற்கான வரி முழுக்கத் தள்ளுபடி என்பதால் வரியே இல்லை, அதற்கு மேல் எதையும் தேட வேண்டாம். கொஞ்சம் தாண்டினாலும் பயமில்லை. கழிவு போக 12,10,000 வந்தால், தாண்டிய 10,000-க்கு மேல் வரி போகாது; செஸ் மட்டும் கூடும். உங்கள் வீட்டுக் கடனும் வாடகைக் கழிவும் பெரிதாக இருந்தால்தான் பழைய முறை ஜெயிக்கும்.

வாடகை என்றதும் ஒரு விஷயம். வாடகைப்படி கழிவில் மூன்று தொகைகளில் குறைந்ததுதான் கிடைக்கும்: வாங்கிய வாடகைப்படி, நம்ம ஊர்ப் பக்கத்துக்குச் சம்பளத்தில் 40 சதவீதம், கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதம் போக மிச்சம். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். நம்ம ஊர் வாடகைக்கு அந்த மூன்றாவதுதான் காலை வாரும். பாம்பனில் 7,500 வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 80,000. பத்து சதவீதம் 8,000. கழிவு பூஜ்யம். அவர் 12,000-க்கு மாமா பெயரில் ரசீதோடு வந்தார். வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும், மாமாவும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. புதிய முறையில் அவருக்கு வரியே வராது. பொய் ரசீது எதற்கு?

புதிய முறைக்குப் போனதும் மகளின் செல்வமகள் கணக்கை நிறுத்தப் பார்த்தார் இன்னொருவர். போடும் பணத்துக்குத்தான் கழிவு இல்லை, 8.2 சதவீத வட்டிக்கு இரண்டு முறையிலும் வரி கிடையாது. பி.பி.எஃப். கணக்கும் அப்படியே. மண்டபத்தில் மத்திய அரசு வேலையில் இருக்கும் நண்பருக்கு என்.பி.எஸ்.-இல் அரசு போடும் 14 சதவீதத்தைப் புதிய முறையிலும் கழிக்கலாம். முதலில் சம்பளத்தில் கூட்டிக் காட்டுவார்கள், கழிக்கத்தான் மறந்துபோவார்கள்.

வரியைத் தவிர்க்க அரசு ஊழியருக்கு நல்ல வழி ஈட்டிய விடுப்பு. இன்று சரண்டர் செய்தால் அந்தப் பணம் முழுக்க வரிக்குள் வரும். ஓய்வு பெறும்போது அதே விடுப்பைக் காசாக்கினால் அரசு ஊழியருக்கு முழு விலக்கு. அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு 25 லட்சம் வரை. ஆனால் நமக்கு 240 நாளுக்கு மேல் விடுப்பு சேராது; அது சேர்ந்த பிறகும் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சம்பள நிலுவையில் நானே கோட்டைவிட்டேன். சம்பளத்தை உயர்த்தும் தேர்வுநிலை ஆணை தாமதமாகி, மூன்று வருஷ நிலுவை ஒரே மாதத்தில் வந்தது. அந்தந்த வருஷத்துப் பணத்தை அந்தந்த வருஷத்தில் சேர்த்து வரி போட்டு, வித்தியாசத்தைச் சலுகையாகக் கேட்கலாம். அதுதான் 89-ஆம் பிரிவு. கணக்கைச் சரியாகப் போட்டேன், ரிட்டர்னிலும் எழுதினேன். அதற்கு முன் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டிய 10ஈ படிவத்தை மறந்தேன். பதினெட்டாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்தது. கட்டினேன். புதிய முறையிலும் இந்தச் சலுகை உண்டு. நிலுவையால் 12 லட்சம் தாண்டுகிறவர்கள் விட்டுவிடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுவதால், 2026-27 முதல் உள்ள வருஷங்களின் படிவத்தில் இந்த எண்களைத் தேட வேண்டாம்.

அலுவலகத்தில் ஒரு முறையைச் சொல்லிவிட்டாலும், ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். பழைய முறை வேண்டுமென்றால் கெடுவுக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் புதிய முறை மட்டும்தான்.

இதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்த ஏஜென்ட், "சார், எனக்கும் அப்படி வருஷா வருஷம் மாத்திக்கலாமா?" என்றார். அவருக்கு வருவது கமிஷன், தொழில் வருமானம். பழைய முறைக்குப் போனால் ஒரே ஒரு தடவைதான் திரும்பி வரலாம் என்றேன். பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.