லேத் பழகும் பையன்களுக்கு மார்க் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி பக்கத்து லேத் (கடைசல் மெஷின்) பட்டறைகளில் அந்த இரண்டு மாதமும் ராப்பகலாக வேலை ஓடும். படகின் புரொப்பெல்லர் தண்டைக் கழற்றிக் கொண்டுவந்து போடுவார்கள். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும், சாவிக்கட்டை உட்காரும் பள்ளமான கீவே விரிந்திருக்கும், புரொப்பெல்லர் உட்காரும் டேப்பரில், அதாவது கூம்புச் சரிவில், ஆட்டம் விழுந்திருக்கும். அப்ரண்டிஸ் பையன்கள் நிறையக் கற்றுக்கொள்வது அந்த நாட்களில்தான். அவர்கள் கற்றதை நின்று பார்க்க நமக்கு நேரம் இல்லாமல் போவதும் அதே நாட்களில்தான். ஜூன் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து மார்க் போட்டு, அவர்கள் செய்த வேலையை எழுதும் லாக் புக்கில் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம்.

இருபது வருஷத்துக்கு மேல் லேத்தில் நிற்கிறேன். சில வருஷங்களாகப் பையன்களின் வேலையை மதிப்பிடவும் கூப்பிடுகிறார்கள். நானே செய்த தவறுகளையும், மற்றவர்கள் செய்து நான் பார்த்தவற்றையும் இங்கே சொல்கிறேன். டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் என்று எந்தப் பிரிவுப் பையனை மதிப்பிடுகிறவருக்கும் இது உதவும்.

முடிந்த ஜாப்பை மட்டும் பார்ப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஒரு பையனுக்கு அப்படித்தான் நான் 85 போட்டேன். படிபடியாக விட்டம் மாறும் ஸ்டெப் டர்னிங், அண்டர்கட் என்ற பள்ளம் ஒன்று, 20 மில்லிமீட்டர் விட்டத்தில் எம்20 மரை. மேஜையில் வைத்த ஜாப்பை, அதாவது கடைந்து முடித்த பொருளை, அளந்தேன், எல்லா அளவும் சரி. அவன் மெஷினில் நின்றதை நான் பார்க்கவே இல்லை. அடுத்த தடைக்காலத்தில் அவன் எங்கள் பட்டறைக்கே வேலைக்கு வந்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தான். ஸ்டெயின்லெஸ் சுருள் லேசில் உடையாது, நாடா மாதிரி நீளமாக வந்து டூலைச் சுற்றிக்கொள்ளும். ஜாப்பைப் பிடித்திருக்கும் சக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வெறும் கையால் பிடித்து இழுத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. தையல் போட்டு வந்தவனிடம், "கொக்கி எங்கேப்பா?" என்று கேட்டேன். "எங்களுக்கு அது பழக்கமே இல்லண்ணே" என்றான். நான் போட்ட 85க்குள் அந்தக் கை இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

ஐடிஐ பாடத்திட்டத்தின் மதிப்பீட்டு விதியை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மார்க்கை மூன்று படியாகப் பிரித்திருப்பார்கள்: 60 முதல் 75 சதவீதம், 75க்கு மேல் 90 வரை, 90க்கு மேல். அளவின் துல்லியமும் சுத்தமும் அதில் உண்டு. அதோடு, பையனுக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதும் உண்டு. அவ்வப்போது உதவி கேட்டவன் கீழ்ப்படி, கொஞ்சம் மட்டும் கேட்டவன் நடுப்படி, ஏறக்குறைய உதவியே இல்லாமல் முடித்தவன் மேல்படி. முடிந்த ஜாப்பைப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாப் பேசாது. பக்கத்தில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பையன் பெயருக்கு நேராகக் கோடு போடுவேன். சொல்லிக்கொடுத்தால் ஒரு கோடு, நானே கை வைத்துத் திருத்தினால் சுற்றி ஒரு வட்டம். இங்கே இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். நம் வாய் சும்மா இருக்காது. "டூல் சென்டருக்கு வந்திருச்சா பாத்தியா?" என்று கேட்டாலே பாதி விடையைக் கொடுத்துவிட்டோம். டூல் முனை ஜாப்பின் நடு உயரத்தில் நிற்கிறதா என்று சென்டர் பார்க்காமல் அவன் ஜாப்பின் முனையைச் சமமாக்கும் ஃபேஸிங் எடுத்து, நடுவில் குமிழ் நின்று, அதைப் பார்த்துவிட்டு அவனாகவே டூலுக்கு அடியில் பேக்கிங் தகடு மாற்றுகிறானா என்று பார்க்கத்தான் நாம் அங்கே நிற்கிறோம். ஆபத்து வந்தால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இது வர மூன்று வருஷம் ஆனது.

பளபளப்புக்கு மயங்குவதும் இதில்தான் சேரும். எமரித் தாள் பிடித்து மின்ன வைத்த ஜாப் கண்ணுக்கு அழகாகத் தெரியும். டூல் அடையாளத்தை மறைக்கவும் அதே எமரிதான். அது விளிம்பை மழுக்கும், ஓரத்தில் அளவையும் குறைக்கும். அந்தத் தூள் வெண்கல வகையான கன்மெட்டல் புஷ்ஷில் பதிந்துகொண்டால் ஓட ஓடத் தண்டை அரிக்கும். வரைபடத்தில் கேட்காத இடத்தில் எமரி போட்டவனிடம் ஏன் போட்டாய் என்று கேளுங்கள். டூல் நகரும் வேகமான ஃபீடைக் குறைத்து, டூல் மூக்கைத் தீட்டி ஃபினிஷ் எடுத்தவனுக்கு அவனைவிட ஒரு மார்க்காவது கூடப் போடுங்கள்.

அளக்கிற நாமே தப்பாக அளப்பது

போன வருஷம் நடந்தது. 50 மில்லிமீட்டர் விட்டம், ஸ்டெயின்லெஸ், படத்தில் சின்ன எழுத்து எச்7 டாலரன்ஸ் (அளவு விலக விட்டிருக்கும் வரம்பு), அதாவது 50.000க்கும் 49.975க்கும் நடுவில் இருக்க வேண்டும். கடைசி கட் எடுத்து மெஷினை நிறுத்தினான். வெயில் ஏறிவிட்டது, இன்னும் நாலு பேர் பாக்கி. நான் மைக்ரோமீட்டரோடு கை நீட்டினேன். அவன் ஜாப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சூடா இருக்குண்ணே. கொஞ்சம் ஆறட்டும்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. பட்டறையில் 32 டிகிரி, ஜாப் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஒரு டிகிரிக்கு 16 மைக்ரான் (0.016 மில்லிமீட்டர்) அளவுக்கு நீளும். 50 மில்லிமீட்டருக்கு, 28 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் 0.022 மில்லிமீட்டர் வருகிறது. மொத்த டாலரன்ஸே 0.025! சூட்டில் சரியாக நின்ற ஜாப் ஆறியதும் கழிவாகலாம், சூட்டில் கூட இருந்தது ஆறியதும் சரியாகலாம். அளவுகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற அடிப்படை 20 டிகிரி. நம் கரையில் மே மாதம் அதற்கு எங்கே போவது? ஜாப்பும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டுக்கு வந்தால் நம் வேலைக்குப் போதும். தண்ணீரில் நனைத்துத் துடைத்துக் கால் மணி நேரம் வைத்தேன். அளவு எப்படி வந்திருந்தாலும், அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு மார்க் உண்டு.

அடுத்தது கருவி. 0.02 வரை காட்டும் வெர்னியரை வைத்துக்கொண்டு 0.021 டாலரன்ஸுக்கு நாம் தீர்ப்புச் சொல்கிறோம். பையன் வெர்னியரில் அளந்து முடித்ததை நாம் மைக்ரோமீட்டரில் அளந்து மார்க்கைக் குறைக்கிறோம். இரண்டும் அநியாயம். எந்தக் கருவியில் மதிப்பிடப் போகிறோமோ அதையே அவன் கையிலும் கொடுக்க வேண்டும். காலையில் மைக்ரோமீட்டரின் முகத்தைத் துடைத்து மூடி ஜீரோ பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஐந்து பையன்களைக் கழித்த பிறகு மைக்ரோமீட்டரில் 0.01 பிழை இருந்தது தெரியவந்த ஒரு தேர்வில் நானும் இருந்தேன். எல்லா ஜாப்பையும் மறுபடி அளந்தோம், மூன்று பேர் பாஸானார்கள். அன்றைக்கு ஜாப்புகளை யாரும் தூக்கி எறியாமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அப்புறம், கடற்கரைக்கே உரிய ஒரு சங்கதி. கடைந்து முடித்த மைல்ட் ஸ்டீலை எண்ணெய் இல்லாமல் ராத்திரி வைத்தால், காலையில் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்திருக்கும். நம் வியர்வையிலும் உப்பு, காற்றிலும் உப்பு. இன்று முடித்ததை நாளை அளக்கலாம் என்று தள்ளிப்போட்டால் துருவைச் சேர்த்து அளப்போம், அல்லது துருவைத் தேய்க்கிறேன் என்று அளவையும் தேய்ப்போம். அன்றைய ஜாப்பை அன்றே அளந்துவிட வேண்டும்.

மெஷினின் குற்றத்தைப் பையன் தலையில் போடுவது

பழைய லேத்தில் அடிப்படுகையான பெட் தேய்ந்திருக்கும், ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கொஞ்சம் விலகியிருக்கும். நேராகக் கடைந்தாலும் டேப்பர் விழும். தேர்வுக்கு முன்னால் நாமே ஒரு கம்பியை இரண்டு சென்டர் முனைகளுக்கு நடுவில் ஏற்றி, 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் ஒரே செட்டிங்கில் கடைந்து, இரண்டையும் அளந்து பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலை. வித்தியாசம் 0.04 வந்தால் அதை அந்த மெஷினின் கணக்கில் எழுதி வையுங்கள். அந்த மெஷின் கிடைத்த பையன் டேப்பர் விழுவதைக் கண்டுபிடித்து டெயில்ஸ்டாக்கைச் சரிசெய்தால், நல்ல மெஷினில் சுலபமாக முடித்தவனைவிட அவன் வேலைக்காரன்.

டயல் விஷயமும் உண்டு. சில லேத்தில் டூலை ஜாப்புக்குள் தள்ளும் கிராஸ் ஸ்லைடின் டயல் விட்டத்தைக் காட்டும், சிலதில் டூல் நகர்ந்த தூரத்தைக் காட்டும். பின்னதில் 0.5 வைத்தால் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் போய்விடும். ஐடிஐயில் ஒரு வகையில் பழகியவனைத் தேர்வன்று இன்னொன்றின் முன்னால் நிறுத்தி, முதல் கட்டிலேயே அளவைத் தாண்டிவிட்டான் என்று கழித்தால் நாம் எதை மதிப்பிட்டோம்? மெஷினோடு பழக அரை மணி நேரமும் ஒரு துண்டுக் கம்பியும் கொடுங்கள்.

தவறு செய்தவனை முழுசாகக் கழிப்பதும் தவறுதான். புரொப்பெல்லர் தண்டுக்கு 1க்கு 10 டேப்பர் (10 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறைவது) என்றால், டூலைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டியது 2 டிகிரி 52 நிமிடம், அதாவது பாதிக் கோணம். முழுக் கோணமான 5 டிகிரி 43 நிமிடத்தைப் பையன்கள் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஒருவன் அப்படியே அளவு வரைக்கும் கடைந்துவிட்டு, உட்காராத ஜாப்போடு வந்து நிற்பான். இன்னொருவனும் அதே தப்பைச் செய்வான். ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பாக்கி இருக்கும்போதே நிறுத்தி, நீல மை தடவி, டேப்பரைச் சரிபார்க்கும் கேஜில் போட்டுச் சுற்றி எடுப்பான். பெரிய முனையில் மட்டும் மை அழிந்திருப்பதைப் பார்த்து, கோணம் அதிகம் என்று புரிந்துகொண்டு திருப்பி வைப்பான். நடுக்கடலில் இன்ஜினை நம்பி இருப்பவர்களுக்கு யார் கை வேண்டும்? இரண்டாமவன் செய்த தப்புக்கு மார்க்கைக் குறையுங்கள், அதைப் பிடித்ததற்கு மார்க் கொடுங்கள்.

பாதுகாப்பை ஐந்து மார்க் விஷயமாக வைப்பது

இதில் அதிகம் பேச ஒன்றும் இல்லை. சக் சாவியை சக்கில் விட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் போனால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடும் ஜாப்பில் வெர்னியர் வைத்தாலும், கையுறை போட்டு லேத்தில் நின்றாலும், மணிக்கட்டில் கயிறு தொங்கினாலும் அதேதான். ஐந்து மார்க் குறைத்துவிட்டு மீதி 95க்கு மதிப்பிட்டால், அந்த ஐந்தை வேறு இடத்தில் ஈடுகட்டலாம் என்று பையன் கற்றுக்கொள்வான். திருத்திச் சொல்லி வேறொரு நாள் திரும்ப வரச் சொல்லுங்கள்.

வாய்மொழிக் கேள்வி, சொந்தபந்தம், லாக் புக்

"டாலரன்ஸ் என்றால் என்ன, வரையறு" என்று கேட்டால் தமிழில் படித்த பையன் விழிப்பான். மனப்பாடம் செய்தவன் ஒப்பிப்பான். படத்தை முன்னால் வைத்து, "25 எச்7 போட்டிருக்கு. உனக்கு 24.97 வந்திருக்கு. வைக்கலாமா, தூக்கிப் போடலாமா?" என்று கேளுங்கள். கீழ் எல்லை 24.979 என்று அட்டவணையைப் பார்த்தாவது சொல்கிறானா என்று பாருங்கள். அட்டவணை பார்க்கத் தெரிவதும் திறமைதான்.

நம் ஊர்களில் யாரைத் தொட்டாலும் மாமன் மச்சான் வந்துவிடும். படகுக்காரர் மகன், பட்டறை முதலாளியின் தங்கை மகன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு முகம் இருக்கும். ஜாப்பில் பெயர் வேண்டாம். எண் பஞ்ச் போட்டு, மெஷினில் நின்று பார்த்தவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருணை மார்க்குக்கு விதியிலும் இடம் இல்லை.

லாக் புக்கைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். தடைக்காலம் முழுக்கத் தண்டுக்கு கிரீஸ் துடைத்து, துரு தேய்த்து, பெரியவர்கள் கடையும்போது விளக்குப் பிடித்த பையனின் புத்தகத்தில் "டேப்பர் டர்னிங், 12 மணி நேரம்" என்று எழுதியிருக்கும். கீழே நம் கையெழுத்து இருக்கும். இந்தக் கரையிலிருந்து நிறையப் பேர் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே வேலை கொடுக்கிறவர் புத்தகத்தைப் புரட்ட மாட்டார், லேத் முன்னால் நிறுத்தி ஒரு படத்தைக் கையில் கொடுப்பார். ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு நிற்கும் பையன் அங்கே மாட்டிக்கொள்கிறான். செய்யாத வேலைக்கு எதிரே வெற்றிடமாக விடுங்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அடுத்த மாதம் அதைச் செய்யவைக்கலாம். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடும்போதே, புத்தகத்தைத் திறந்து கையெழுத்து போட்டால் மறக்காது.

முடிந்த ஜாப்புகளை அடுத்த தேர்வு வரைக்கும் வைத்திருங்கள். சரிபார்க்க யாராவது வந்தால் காட்ட வேண்டியிருக்கும். கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பஞ்ச் எண்ணையும் தேதியையும் மேலே எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே பையனை உட்காரவைத்து, அவனுடைய பழைய ஜாப்பையும் புதிய ஜாப்பையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுப்பது என் வழக்கம். அவனே அளந்து, அவனே எழுதுவான். நான் அதற்குள் டீ சொல்லிவிட்டு வருவேன்.