பாம்பன் துறைமுகம் யார் கையில இருக்கு? கண்டுபிடிக்கிறது எப்படி

பாம்பன்ல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு நியூஸ் வருதுல்ல, அத ஏத்துறது யாருன்னு நம்மூர்ல கேட்டுப் பாருங்க, ஒருத்தர் கலெக்டர்ம்பாரு, ஒருத்தர் கோஸ்ட்கார்டும்பாரு, மீன்துறைன்னு சொல்றவங்களும் உண்டு. வானிலை மையம் எச்சரிக்கை சொல்லும், ஏத்துறது துறைமுக ஆபீஸ். இது தெரியாம மனு எழுதுனா அது மேசை மேசையா சுத்திட்டே கெடக்கும், அதான் ராமநாதபுரம் கரையில எது யாரோடதுன்னு புடிக்கிற வழிய இங்க போடுறேன்.

மொதல்ல பாக்க வேண்டியது அது துறைமுகமா மீன்பிடி துறைமுகமாங்குறது. மூக்கையூர் மீன்பிடி துறைமுகம், அது மீன்வளத்துறை. விசைப்படகு டோக்கன், டீசல் மானியம், ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் எல்லாம் அந்தப் பக்கம்தான். பாம்பன், ராமேஸ்வரம், வாலிநோக்கம் இதெல்லாம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தோடது, 1995ல போட்ட சட்டப்படி 1997ல வந்த வாரியம், தலைமை ஆபீஸ் சென்னை. அதுக்கு மேல நெடுஞ்சாலைகள் மற்றும் சிறுதுறைமுகங்கள் துறை, ஆமா, ரோடு போடுற துறையேதான். நம்ம பக்கத்துல தூத்துக்குடி மட்டும் மத்திய அரசு.

சின்ன துறைமுகம்னா அளவுல சின்னதுன்னு நினைச்சுறாதீங்க. மத்திய அரசு பெருந்துறைமுகம்னு அறிவிச்சா அது அவங்களுது, மத்ததெல்லாம் மாநிலத்துக்கு, அவ்ளோதான். சென்னைக்கு வடக்க இருக்குற காட்டுப்பள்ளியில எவ்ளோ பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தாலும் பேப்பர்ல அதுவும் பாம்பன் மாதிரி சிறுதுறைமுகம்தான். 1908 சட்டத்துக்குப் பதிலா 2025ல புதுசா இந்திய துறைமுகங்கள் சட்டம் பாஸ் பண்ணிருக்காங்க, அதுலயும் இந்தப் பாகுபாடு அப்படியேதான் இருக்கு.

ஒரு சின்ன துறைமுகத்துல நெசமா என்ன வேலை நடக்குதுன்னு பாக்கணும்னா பாம்பன் பாலத்துல கப்பல் போறதப் பாருங்க. தூத்துக்குடி பக்கமிருந்து ஒரு இழுவைக் கப்பலோ, சரக்கு ஏத்துற மிதவைக் கப்பலோ பாக் நீரிணைக்குப் போகணும்னா இலங்கையைச் சுத்தாம இந்தக் கால்வாய் வழியா வரலாம், ஆனா ஆழம் கம்மி, பெரிய கப்பலுக்கு ஆகாது (ஆழப்படுத்தணும்னு 2005ல ஆரம்பிச்ச சேது திட்டம் எங்க நிக்குதுன்னு ஒங்களுக்கே தெரியும்). வர்ற கப்பல் நங்கூரம் போட்டுக் காத்து கெடக்கும், ஏஜென்ட் துறைமுக ஆபீஸ்ல கட்டணத்தக் கட்டி அனுமதி வாங்கணும், அவங்க ரயில்வேக்குச் சொல்லணும், ரயில் இல்லாத நேரம், நீரோட்டம், காத்து எல்லாம் ஒத்து வந்தாத்தான் பாலம் தூக்குவாங்க. 1914 பாலத்துல ஆளுங்க கையால சுத்தித் தெறந்தாங்க, 2025 ஏப்ரல்ல தெறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே மேல ஏறுது. தண்ணி துறைமுகத்தோடது, பாலம் ரயில்வேயோடது, ஒரு கப்பல் போக ரெண்டு பேரும் சம்மதிக்கணும்.

இப்ப காசு. துறைமுகத்துக்கு வருமானம்னா கப்பலுக்கு வாங்குற துறைமுகக் கட்டணம், பைலட் (கப்பலுக்கு வழி காட்டிக் கூட்டிட்டு வர்றவர்) கட்டணம், சரக்கு ஏத்தி எறக்குற கட்டணம், இடம் வாடகை. பாம்பன்ல சரக்கே பெருசா இல்லாதப்போ ஆள் சம்பளம், விளக்கு, மிதவை இதுக்கெல்லாம் எங்கேருந்து வரும்? வாரியத்துக்குக் கீழ தனியார் நடத்துற துறைமுகங்களும் இருக்கு, அங்க கப்பலும் சரக்கும் ஜாஸ்தி, அதுலேருந்து ஒரு பங்கு இதே வாரியத்துக்கு வரும். புதுசா இறங்குதளம் கட்டணும்னா மாநில பட்ஜெட், இல்லாட்டி 2015ல கொண்டாந்த சாகர்மாலாங்குற துறைமுக மேம்பாட்டுத் திட்டத்துல மத்திய உதவி. எனக்கு என்னமோ ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் திரும்ப வந்தாத்தான் நம்ம பக்கம் சொந்தக் கால்ல நிக்கும்னு தோணுது, ஆனா அதுக்கு கஸ்டம்ஸ், குடியுரிமைச் சோதனை எல்லாம் வேணும், வெறும் இறங்குதளம் கட்டுனா மட்டும் போதாது.

பாதுகாப்பு இன்னும் சிக்கல். தூத்துக்குடியில சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) நிக்கும், இங்க கிடையாது. கரையோரம் மாநில போலீஸோட கடலோரப் பாதுகாப்புக் குழுமம், போன் 1093. கடல்ல மண்டபம் கோஸ்ட்கார்டு, ஆபத்துன்னா 1554. உச்சிப்புளியில கடற்படையோட விமான தளம் ஐஎன்எஸ் பருந்து. 2008 மும்பை தாக்குதலுக்கு அப்பறம் மொத்தப் பொறுப்பு கடற்படைன்னு ஆச்சு. கடத்தல்னா கஸ்டம்ஸ், அதே கடல் அட்டைன்னா அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், வனத்துறையும் சேந்துரும். கரையிலேருந்து 12 கடல் மைல் வரைக்கும் மரைன் போலீஸ்னு கணக்கு சொல்வாங்க, தனுஷ்கோடி பக்கம் அதுக்கு முன்னாடியே இலங்கை எல்லைக்கோடு வந்துரும், அதனால எல்லாரும் ஒரே தண்ணியில சுத்திட்டு இருக்காங்க.

இவ்ளோ பாத்தும் ஒங்க விசயம் யாரோடதுன்னு தெரியலைன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. ஏன் செய்யலைன்னு சண்டைக்குப் போகாம, போன வருசம் பாம்பன்ல வசூலான கட்டணம் எவ்ளோ, பராமரிப்புச் செலவு எவ்ளோ, நீங்க கேக்குற இறங்குதளம் யாரு பேர்ல இருக்குன்னு பேப்பர்ல இருக்குறதக் கேளுங்க. எத்தனை கேமரான்னு கேட்டா பாதுகாப்புன்னு மறுத்துருவாங்க, அத விட்டுருங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மொதல் மேல்முறையீடு. இதுல நல்ல விசயம் என்னன்னா, தப்பான ஆபீஸுக்குப் போட்டாலும் அவங்க 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு மாத்தி விட்டு ஒங்களுக்கும் தகவல் சொல்லணும்னு சட்டத்துலயே இருக்கு, அந்தக் கடிதத்த பத்திரமா வைங்க, அடுத்த மனு எந்த அட்ரஸுக்குன்னு அதுலயே இருக்கும்.