டிஷ்வாஷரில் புதுச் சத்தமா? மோட்டாரைச் சந்தேகிப்பது கடைசியில்

சத்தம் கேட்டதும் "மோட்டார் போயிடுச்சு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. எப்படிப்பட்ட சத்தம் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போதா, கழுவும்போதா, அழுக்குத் தண்ணீர் வெளியேறும்போதா? மொபைலில் பதிவு செய்து, எத்தனையாவது நிமிடம் என்றும் குறித்துக்கொண்டால் சர்வீஸ்காரருக்கும் பாதி வேலை மிச்சம்.

கழுவும்போது சீராக "டக், டக்" என்றால், சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்ம் எதிலோ இடிக்கிறது. பெரும்பாலும் கீழ்த்தட்டு வழியே தொங்கும் கரண்டிக் காம்புதான். கதவைச் சாத்தும் முன் இரண்டு ஆர்மையும் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். நடுவில் ஒரே ஒரு "டப்" கேட்டால் அது சோப்பு மூடி திறக்கும் சத்தம். அதற்கு ரிப்பேர் தேவையில்லை.

தண்ணீர் வெளியேறும்போது கரகரவென்று அரைபடுகிறதா? மீன் முள், நண்டு ஓடு, புளியங்கொட்டை என எதுவோ ட்ரெயின் பம்பில் சிக்கியிருக்கிறது. கடலூர், புதுச்சேரிச் சமையலறைகளில் இதற்குப் பஞ்சமில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். கீழ்த்தட்டை எடுத்துவிட்டு, ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பல மாடல்களில் குழியின் ஓரத்தில் பம்ப் மூடி தெரியும். அதை நீக்கினால் சிறிய விசிறி. கண்ணாடிச் சில்லு இருக்கலாம் என்பதால் விரலை விடாமல், மரக்குச்சியால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிச் சுற்றாமல் விட்டுவிட்டு நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் நகரும். இதைப் பார்த்து பம்ப் "ஜாம்" என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு.

தண்ணீர் ஏறும்போது நீண்ட நேரம் "உய்ங்" என்றால் பிரஷரைப் பாருங்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் (பிரஷரின் அளவு) கிடைக்கும். மொட்டைமாடித் தொட்டி குழாய்க்கு 3 மீட்டர் மேலே என்றால் வெறும் 0.3 பார், பல மெஷின்கள் குறைந்தது 0.5 கேட்கும். அபார்ட்மெண்டில் மேல் மாடிக்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பூஸ்டர் பம்ப் வாங்கும் முன் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, அதன் வாயிலுள்ள சல்லடையைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். போர் தண்ணீரின் மணல் அங்கேதான் சேரும்.

சோப்புப் பொடி தீர்ந்துவிட்டதென்று பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஊற்றக் கூடாது. நுரை பொங்கி, பம்ப் காற்றை இழுத்துக் "களக் களக்" என்று விக்கும்.

மெஷினில் போடும் உப்பு விஷயத்திலும் சிக்கனம் வேண்டாம். மரக்காணம் உப்பு குழம்புக்கு நல்லது, டிஷ்வாஷருக்கு ஆகாது. கல்லுப்பிலுள்ள கால்சியமும் மக்னீசியமும், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரைக் கெடுத்துவிடும். பிறகு கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு ஆர்மின் துளைகளை அடைக்கும். ஆர்ம் சுற்றாமல் நின்று, தண்ணீர் ஒரே இடத்தில் அறையும். துளைகளைப் பல்குத்தியால் குத்திவிட்டால் போதும்.

ஒரு சத்தத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: மெஷின் எதுவும் செய்யாதபோதும் ட்ரெயின் பம்ப் ஓயாமல் ஓடுவது. மெஷினுக்கு அடியிலுள்ள அடித்தட்டில் தண்ணீர் கசிந்து, அங்கிருக்கும் மிதவை மேலே எழும்பிவிட்டது என்று பொருள். குழாயை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், ஆளை வரச் சொல்லுங்கள். அடித்தட்டிலுள்ள தண்ணீரை எடுக்காமல் ஆன் செய்தால் பம்ப் மறுபடியும் அதையே செய்யும்.