வன்னி வீதியில் வாகனம் எடுக்குமுன்

வெளிநாட்டிலிருந்து வன்னிக்குக் காணி பார்க்க வந்திருப்பீர்கள். அம்மாவோடு ஆறு மாதம் இருக்க வந்திருப்பீர்கள். நிரந்தரமாகவே குடியேற வந்தவர்களும் இருப்பீர்கள். கிணறு, கரண்ட், காணி உறுதி எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஊரில் ஆட்கள் உண்டு. வீதியைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை, உங்களுக்கு ஓடத் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடதாசி வேலையை முதலில் முடியுங்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் நம்பாமல், இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியைக் கையில் எடுத்த பிறகே சாவியைத் தொடுங்கள். இங்கே இடப்பக்க ஓட்டம். காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் எல்லை. லண்டனில் எதிரே வருபவர் லைட் அடித்தால் ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள். இங்கே ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’ என்று பொருள். இந்த ஒன்றை மாறி விளங்கிக்கொண்டால் ஆபத்து.

சரி, இனி முக்கியமான விஷயம்.

ஓமந்தை தாண்டினால், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி நேராக, காப்பெற் போட்டு வழுவழுப்பாகக் கிடக்கும். புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று கால் தானாகவே அக்சிலேட்டரை அமத்தச் சொல்லும். ஆனால் 70இல் போகிற கார் ஒரு விநாடிக்கு 19 மீற்றர் ஓடிவிடும். அந்த வீதியின் ஓரம்தான் இங்குள்ள சனத்தின் முற்றம். பால் கொண்டுபோகிறவர், தண்ணீர்க் கானோடு வருகிறவர், விறகு கட்டி வருகிறவர், டியூஷனுக்குப் போகிற பிள்ளை எல்லாரும் அந்த ஓரத்தால்தான் போவார்கள். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் வன்னியைச் சுமந்தது சைக்கிள். இடம்பெயர்ந்தபோது வீட்டையே கட்டிக்கொண்டு போனதும் சைக்கிள். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோதும் எல்லாரும் திரும்ப அதில்தான் ஏறினோம்.

போன சோழகக் காற்றுக் காலத்தில் பரந்தனுக்குத் தெற்கே ஒரு சம்பவத்தைக் கண்ணால் பார்த்தேன். வயதானவர் ஒருவர் கரியரில் விறகோடு யாழ்ப்பாணப் பக்கம் மிதித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் வாடகை வானில் பின்னால் கிட்ட வந்து பலமாக ஹோர்ன் அடித்தார். பெரியவர் வலத்தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார். தலை திரும்பிய பக்கம் ஹாண்டிலும் திரும்பியது. பக்கவாட்டில் அடித்த காற்றும் சேர்ந்து தள்ள, சைக்கிள் நடு வீதிக்கு வந்துவிட்டது. வான் பிரேக் பிடித்து ஒரு முழம் தள்ளி நின்றது. விறகு தார் முழுக்கச் சிதறியது.

தம்பி இறங்கி ஓடிவந்தார், கை நடுங்கியது. “ஐயா, நான் ஹோர்ன் அடிச்சனே” என்றார். “சண்டை நேரம் செல் விழுந்ததில ஒரு காது போயிட்டுது தம்பி. எந்தப் பக்கத்தால வாறியள் எண்டு எனக்குப் பிடிபடாது” என்றார் பெரியவர். பிறகு இரண்டு பேரும் குந்தியிருந்து விறகு பொறுக்கினார்கள்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மண்ணில் செயற்கைக் காலோடு நடக்கிறவர்கள், ஊன்றுகோலோடு போகிறவர்கள், காதும் கண்ணும் குறைந்தவர்கள் ஏராளம். ஹோர்ன் கேட்டால் துள்ளி ஒதுங்க அவர்களால் முடியாது. தார் விளிம்புக்கும் கிரவலுக்கும் இடையில் பல இடங்களில் பள்ளம் இருக்கும், சைக்கிளை அதற்குள் இறக்கினால் விழுந்துவிடுவார்கள். ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். தூரத்திலேயே மெதுவாக ஒருதரம் ஹோர்ன் அடியுங்கள், கிட்ட வந்து அடிக்காதீர்கள். எதிரே டிப்பரோ பஸ்ஸோ வந்தால் சைக்கிளுக்குப் பின்னால் பொறுத்து நின்று, அது போன பிறகு விலத்துங்கள். பிரித்தானிய வீதி விதிக்கோவை 2022இலிருந்து சைக்கிளை விலத்த ஆகக் குறைந்தது ஒன்றரை மீற்றர் விடச் சொல்கிறது. ஒன்ராறியோவில் ஒரு மீற்றர் சட்டம். அங்கே கவனமாகக் கடைப்பிடித்ததைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரையும், பிறகு பள்ளிக்கூடம் விடும் ஒன்றரைக்கும் வெள்ளைச் சீருடைகள் வீதியை நிறைக்கும். இரண்டு மூன்று சைக்கிள் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டே வரும். பிள்ளைகள் அப்படித்தான். கோபப்படாமல் இரண்டாம் கியரில் போங்கள். மஞ்சள் கடவையில் யாராவது கால் வைக்கக் காத்து நின்றாலே நிறுத்துங்கள், ஆனால் கண்ணாடியில் பின்னால் பார்த்து, மெல்ல மெல்ல நிறுத்துங்கள். பின்னால் வருகிற பஸ் உங்களை விலத்த வெளிக்கிட்டால், கடக்கிறவருக்குத்தான் ஆபத்து.

காலபோக அறுவடைக்குப் பிறகு உள்வீதிகளில் பாதித் தாரில் நெல் காயும். சைக்கிள்காரர் அதைச் சுற்றி உங்கள் பக்கம் வருவார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும், ஆவணியில் மடு மாதா கோவிலுக்கும் சனம் இரவிரவாக நடக்கும். இரவில் மாடும் தாரில் படுத்திருக்கும். லைட் இல்லாத சைக்கிள் கண்ணுக்குப் படும்போது பத்து அடி தூரத்தில் நிற்கும். ஆகவே இரவில் 40ஐத் தாண்டாதீர்கள், எதிரே ஆள் வந்தால் லைட்டை டிம் பண்ணுங்கள்.

கடை வாசலில் நிறுத்தியதும் கதவைத் தள்ளித் திறக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சாரதி இடக்கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். இடப்பக்கம் இருக்கிறவர் வலக்கையால் திறக்க வேண்டும். இங்கே காருக்கும் கடைக்கும் நடுவாலும் சைக்கிள் வரும், அதனால் பின்சீற்றில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தவறி யாருக்கும் அடிபட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு கட்டத் தேவையில்லை. பொலிசுக்கு 119. ஆளைத் தூக்கி ஓட்டோவில் திணிக்க விடாதீர்கள், முதுகு முறிந்திருந்தால் அதுவே ஆபத்து.

அப்புறம் ஒன்று. வந்த முதல் வாரம் வாகனத்தை எடுக்காமல் மச்சானின் பழைய லுமாலா சைக்கிளை வாங்கி, வீட்டிலிருந்து சந்திக் கடை வரை தினமும் போய்வாருங்கள். போகுமுன் பிரேக்கை ஒருதரம் பிடித்துப் பாருங்கள், காற்றுப் போதுமா என்று ரயரை அமத்திப் பாருங்கள். கரியரில் அரை மூட்டை அரிசி கட்டிக்கொண்டு திரும்பும்போது ஒரு பஸ் உங்களை உரசுகிற மாதிரிக் கடந்து போகும்.