சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவைக் கதைக்களமாக்கும் தொடர்கதை எழுத்தாளர்களுக்கு

தெருப்பெயர் நிஜமாக இருக்கட்டும். நல்லது நடக்கும் உணவகத்துக்கும் நிஜப்பெயர் போடலாம்: 1947இல் தொடங்கிய கோமளவிலாஸில் பாத்திரங்கள் தாராளமாகத் தோசை சாப்பிடட்டும். கொலை, கள்ளப்பணம், கெட்டுப்போன சாம்பார் எல்லாம் கற்பனைக் கடைக்கே.

பலர் சறுக்குவது ஆண்டுக்கணக்கில்தான். தேக்கா நிலைய உணவங்காடியில் ஒருவர் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டு எழுந்து போகிறாரா? கதை 2021 செப்டம்பருக்கு முன் நடக்கட்டும். அதன்பின் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம், மீறினால் அபராதம் வரலாம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் 2003 ஜூனுக்குப் பிந்திய கதை. முஸ்தபா பேரங்காடி 24 மணி நேரமும் திறந்திருந்தது கோவிட்டுக்கு முன்பு.

குறிப்பெடுக்க ஞாயிறு மாலை ஒருமுறை, வாரநாள் காலை ஒருமுறை போங்கள். ஞாயிறன்று வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் நேரத்தில் சிராங்கூன் சாலை நடைபாதையில் துரத்தல் காட்சி வைத்தால் வாசகர் நம்பமாட்டார்.