ஐப்பசி சனி, ஞாயிறில் வேலூருக்கு மழை வருமா? நாமே பார்த்துச் சொல்லலாம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "சனி ஞாயிறு மழை இருக்குமா?" கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். காட்பாடியில் மொட்டை மாடியில் சாமியானா போட்டு விசேஷம் வைத்திருப்பார்கள். டிவியில் வருவது பெரும்பாலும் சென்னை மழை. போன வருஷம் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் பார்த்த முறையை அப்படியே எழுதுகிறேன். ஒரு போன் போதும்.

படி 1: வியாழக்கிழமை, காற்றைப் பாருங்கள்

போனோடு வரும் வெயில், மேகப் பொம்மையை நம்பவே வேண்டாம். காற்று, மழைக் கணிப்பைப் படமாகக் காட்டும் விண்டி ஆப்பைத் திறந்து ஐரோப்பிய மாதிரியை (கணினி போடும் வானிலைக் கணிப்பு) வையுங்கள். எனக்கு அதுதான் முதலில். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருந்தால் அது எங்கே கரையேறுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே ஏறினால் கடல் ஈரம் நேராக நம் மலைகளில் வந்து மோதும். 2021 நவம்பர் 19 அன்று அப்படித்தான் ஏறியது. பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே தாழ்வு ஆந்திரா பக்கம் போய்விட்டால் நமக்கு வடமேற்குக் காற்று திரும்பி, மழை குறையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடந்தது. அந்த அளவு மழை நம் ஊருக்கு வரவில்லை.

இரண்டு மாதிரியும் வேறு வேறாகச் சொன்னால் வெள்ளிவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: வெள்ளி மதியம், தமிழ் அறிக்கையைப் படியுங்கள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் தமிழிலேயே அறிக்கை வருகிறது. பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வானிலைத் துறையின் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. சனிக்கிழமைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை போட்டிருந்தால், அந்த மழை ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கும் பெய்யலாம். சனி பகல் முழுக்க வெயில் அடித்ததைப் பார்த்து "பொய்யாகிவிட்டது" என்று கடலையைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இதனால்தான் நனைகிறார்கள். மழை அளவும் அப்படித்தான். ஞாயிறு காலை வரும் அளவு, சனி காலை 8.30இல் இருந்து பெய்தது.

அடுத்தது "ஓரிரு இடங்களில்" என்ற சொல். மாவட்டத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவாகலாம் என்று அதற்குப் பொருள். ஒடுகத்தூரில் கொட்டி, சத்துவாச்சாரியில் சொட்டு விழாமல் போனாலும் அறிக்கை சரிதான். "பெரும்பாலான இடங்களில்" என்று வந்தால் நிலையங்களில் முக்கால்வாசிக்கு மேல் மழை. விசேஷத்தை மண்டபத்துக்குள் மாற்றிவிடுங்கள். கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20. ஆப்பில் மில்லிமீட்டரில் இருக்கும், பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அன்றைக்கு ரேடார்

மழை மேகத்தைக் காட்டும் சென்னை டாப்ளர் ரேடார் படத்தில் நம் ஊர் மேற்கே சுமார் 125 கி.மீ. தள்ளி இருக்கும். படத்தில் உள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். 09.30 என்று இருந்தால் பிற்பகல் மூன்று மணி. ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்து மூன்று படம் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். பருவமழை பிடிப்பதற்கு முன் சாயங்கால இடி மழை பெரும்பாலும் சித்தூர், ஜவ்வாது மலைப் பக்கம் கிளம்பிக் கிழக்கே போகும். பிடித்த பிறகு கிழக்கிலிருந்து நம்மை நோக்கி வரும். மஞ்சள், சிவப்பாகக் கட்டி கட்டியாகத் தெரிந்தால் பலத்த மழை. இடி விழும் நாளில் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி ஆப்பும் போனில் இருக்கட்டும், குறிப்பாக வயலில் வேலை செய்பவர்களுக்கு.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், "ரேடாரில் ஒன்றுமே இல்லை, இங்கே இரண்டு மணி நேரமாகத் தூறுகிறது, ஏன்?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ரேடார் கதிர் கொஞ்சம் மேல்நோக்கிப் போகிறது, பூமியும் வளைகிறது. வேலூரை எட்டும்போதே கதிர் தரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், குடியாத்தத்தில் இன்னும் மேலே. தாழ்வான மேகம் தரும் தூறல் அதன் கண்ணில் படாது. கிழக்குக் காற்று வீசும் நாளில் நான் ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். அங்கே தூறல் பிடித்துவிட்டது என்றால் இங்கே தார்ப்பாயை விரித்துவிடலாம்.